ஓட்டப் பயிற்சியில் எலும்புக் காயம்: கடைக்காரர் எழுதிக் கொடுத்த ஐந்து டப்பாக்களில் எது தேவை?

வைகைக்கரை

வணக்கம். என் மகளுக்கு 17 வயது. 400 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் ஓடுகிறாள். மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற வேண்டும் என்று காலையும் மாலையும் பயிற்சி எடுத்து வந்தாள். எடை 48 கிலோ. வீட்டில் சைவம், அவள் முட்டை மட்டும் சாப்பிடுவாள். இரண்டு மாதமாக வலது முன்னங்கால் எலும்பில் ஓரிடத்தில் விரலை வைத்து அழுத்தினால் துடித்துப் போகிற அளவுக்கு வலி. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த மருத்துவர், எலும்பில் விரிசல் விழுவதற்கு முந்தைய நிலை இது என்றும், ஆறு வாரம் ஓடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

மைதானத்துக்கு அருகில் உள்ள ஊட்டச்சத்துக் கடையில் விசாரித்தபோது ஐந்து பொருள்களை எழுதிக் கொடுத்தார்கள்: வே புரோட்டீன், பி.சி.ஏ.ஏ., கொலாஜன், குளுக்கோசமைன், மீண்டும் ஓடத் தொடங்கியதும் பயிற்சிக்கு முன் குடிக்க ஒரு ப்ரீ-வொர்க்அவுட் பவுடர். எல்லாம் சேர்த்து மாதம் 11,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. பணத்தைக்கூட எப்படியாவது புரட்டிவிடலாம். ஆனால் வளரும் பிள்ளையின் உடம்பில் எதைச் செலுத்துகிறோம் என்று தெரியாமல் வாங்க மனம் வரவில்லை. துறை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எலும்பும்தசையும்

ஐயா, வணக்கம். நான் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். அந்தப் பட்டியலைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தக் காயம் ஏன் வந்தது என்பதை முதலில் பார்ப்போம். ஓட்டத்தின் ஒவ்வொரு அடியிலும் எலும்பில் மிக நுண்ணிய சேதம் ஏற்படுவதும், ஓய்வில் உடல் அதைச் சரிசெய்து முன்னைவிட உறுதியாக்குவதும் இயல்பு. சேதத்தின் வேகம் சீரமைப்பின் வேகத்தை மிஞ்சும்போதுதான் இந்த நிலை வருகிறது. அண்மையில் பயிற்சியின் அளவு திடீரென்று கூடியதா, ஓடும் தரை மாறியதா, காலணி தேய்ந்து போயிருந்ததா என்பவை ஒரு பக்கம். மறுபக்கம், சீரமைப்புக்குத் தேவையான உணவு உடம்புக்குள் போகிறதா என்பது.

பெண் பிள்ளைகளிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தந்தை என்ற முறையில் உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் அவளுடைய அம்மா கேட்கட்டும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப் போவதை ‘ஓடுகிற பிள்ளை என்றால் அப்படித்தான்’ என்று பல பயிற்சியாளர்களே சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது சாதாரணம் இல்லை. செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உணவு வராதபோது உடல் முதலில் நிறுத்திவைக்கும் வேலைகளில் இனப்பெருக்க ஹார்மோன் சுரப்பும் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பின் உறுதியும் குறையும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்த நிலைக்குத் தனிப் பெயரிட்டு, இது ஆண்களுக்கும் வரக்கூடியது என்று விளக்கியது.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டுவது), வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். குறைபாடு எங்கே என்று தெரிந்து அதை ஈடுகட்டினால் பலன் உண்டு என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த 5,201 பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், எட்டு வாரப் பயிற்சிக் காலத்தில் தினமும் 2,000 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டியும் பெற்றவர்களுக்கு இத்தகைய எலும்புக் காயங்கள் சுமார் 20 விழுக்காடு குறைவாக இருந்தன. கடைக்காரரின் ஐந்து பொருள்களில் இவை இரண்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுப்படிக்கணக்கு

நான் உணவியல் நிபுணராக ஒரு கல்லூரி விடுதியின் விளையாட்டு மாணவர்களுக்கு உணவுத் திட்டம் வகுக்கிறவள். மேலே எழுதியவர் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். அவர் தொட்டுக் காட்டிய ஆற்றல் கணக்கை நான் போட்டுக் காட்டுகிறேன்.

48 கிலோ எடையுள்ள ஓட்ட வீராங்கனையின் உடலில் கொழுப்பைக் கழித்தால் ஏறக்குறைய 39 கிலோ நிற்கும். அந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 45 கிலோகலோரி, அதன் மேல் பயிற்சியில் செலவாகும் ஆற்றல் என்று கணக்கிட வேண்டும். பயிற்சிக்கு 500 என்று வைத்துக்கொண்டாலே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,250 கிலோகலோரி தேவை. பயிற்சிச் செலவைக் கழித்த மீதி கிலோவுக்கு 30க்கும் கீழே நெடுநாள் போனால் ஹார்மோன்களும் எலும்பும் பாதிக்கப்படுகின்றன. இனி, என்னிடம் வரும் பிள்ளைகள் வழக்கமாகச் சொல்லும் ஒரு நாளைப் பாருங்கள். விடியற்காலை வெறும் வயிற்றில் மைதானம். திரும்பி வந்து குளித்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நின்றபடியே இரண்டு இட்லி. மதியம் ஆறிப்போன டிபன் பாக்ஸில் பாதி சாதம். மாலைப் பயிற்சிக்கு முன் தேநீரும் நான்கு பிஸ்கட்டும். இரவு அலுப்பில் இரண்டு தோசை. இது 1,400 கிலோகலோரியைத் தாண்டினாலே அதிகம். இந்தப் பள்ளத்தை எந்த டப்பாவாலும் நிரப்ப முடியாது.

புரதத்துக்கு வருவோம். கடும் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. தசை வளர்ச்சிக்கு ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேல் பெரிய கூடுதல் பலன் இல்லை என்று 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். உங்கள் மகளுக்கு அது 77 கிராம். நம் வீட்டுச் சைவச் சாப்பாட்டில், வயிறு நிறையச் சாப்பிட்டாலும், 40 கிராம் வருவதே பெரிது. ஆகவே புரதம் போதவில்லை என்று கடைக்காரர் ஊகித்திருந்தால் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு முட்டை 12 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7 கிராம், 30 கிராம் சோயா உருண்டை 15 கிராம், ஒரு தம்ளர் பால் 6 கிராம். இவற்றைச் சேர்த்தாலே விட்டுப்போன 40 கிராம் கைக்கு வந்துவிடுகிறது, ஆற்றலும் கூடவே வருகிறது. ஒரே வேளையில் கொட்டாமல், வேளைக்கு 15, 20 கிராம் என்று நாள் முழுவதும் பிரித்துக் கொடுங்கள்.

காயத்தால் ஓய்வில் இருக்கிறாள் என்று சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். ‘ஓடவில்லையே, உடம்பு போட்டுவிடும்’ என்று பிள்ளைகளே குறைக்கிறார்கள். எலும்பு ஆறும் காலத்தில் உடலுக்கு ஆற்றலும் புரதமும் தேவை. பயன்படுத்தாத கால் தசை சில நாள்களிலேயே இளைக்கத் தொடங்கும், உணவும் குறைந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும்.

பி.சி.ஏ.ஏ. வேண்டாம். தசைப் புரதம் கட்டுவதற்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அந்த டப்பாவில் இருப்பவை மூன்று. மற்ற ஆறும் உணவிலிருந்து வந்தால் இந்த மூன்றும் அதிலேயே வந்துவிடும்.

இரும்புத்தட்டு

நான் நீண்ட காலமாக ஜிம் நடத்துகிறவன். புரோட்டீன் பவுடர் என்றாலே விஷம் என்பதுபோல் பேசும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. உணவியல் நிபுணர் அம்மா அப்படிச் சொல்லவில்லை என்பதில் மகிழ்ச்சி. இருந்தாலும் ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டும். என்னிடம் வரும் பையன்களில் பாதிப்பேர் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறவர்கள். மெஸ்ஸில் மூன்று வேளையும் சாதமும் தண்ணீராக ஓடும் சாம்பாரும்தான். அவர்களிடம் போய்ச் சோயா ஊறவை, சுண்டல் அவி என்றால் எந்த அடுப்பில் செய்வார்கள்? வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து பாலாடைக்கட்டி எடுத்த பிறகு மிஞ்சும் நீரை உலர்த்திய பொருள். ஒரு கரண்டியில் 24 கிராம் புரதம், செரிப்பதும் எளிது. தரமானதாக இருந்தால் அதை உணவுப் பொருளாகவே கருத வேண்டும்.

அதேபோல் கிரியேட்டின், தசைக்கு உடனடி ஆற்றல் தர உதவும் பொருள். இவ்வளவு மலிவாக, இவ்வளவு ஆராய்ச்சி நடந்த பொருள் வேறு இல்லை. தினம் 3 முதல் 5 கிராம் போதும். இறைச்சியும் மீனும் சாப்பிடாதவர்களின் தசையில் இயல்பாகவே கிரியேட்டின் குறைவு என்பதால் சைவக்காரர்களுக்குத்தான் பலன் அதிகம் தெரிகிறது. கடைக்காரர் அதை எழுதாமல் பி.சி.ஏ.ஏ. எழுதியதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

நீள்தாண்டல்

மாநில அளவில் தாண்டியவன், இப்போது அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியன். இழையில் இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டியலில் ஐந்தாவதாக இருக்கும் ப்ரீ-வொர்க்அவுட்டைத் தயவுசெய்து வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஊக்கமருந்துச் சட்டத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்பது விடுதலை தராது. வீரரின் சிறுநீரில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால், அது எப்படி உள்ளே போனது என்பது எப்படியிருந்தாலும், பொறுப்பு வீரருடையது. தவறு இல்லை என்று நிரூபிக்கும் சுமையும் அவர் தலையில்தான் விழும். தண்டனைக் காலம் குறையலாம், பதக்கம் திரும்பாது. கடையில் விற்றவரோ, வாங்கிக் கொடுத்த பயிற்சியாளரோ அந்த விசாரணை அறையில் பக்கத்தில் நிற்கப் போவதில்லை. ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகளிடம் இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஏனென்றால் அந்த வயதில் இரண்டு ஆண்டுத் தடை என்றாலே ஒரு விளையாட்டு வாழ்க்கை முடிந்த மாதிரிதான்.

இது வீண் பயம் இல்லை. ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வகம் 13 நாடுகளிலிருந்து ஹார்மோன் கலக்காதவை என்று விற்கப்பட்ட 634 ஊட்டச்சத்துப் பொருள்களை வாங்கிச் சோதித்தது. அவற்றில் 94 பொருள்களில், அதாவது கிட்டத்தட்ட 15 விழுக்காட்டில், லேபிளில் குறிப்பிடாத, உடலுக்குள் ஸ்டீராய்டாக மாறக்கூடிய முன்பொருள்கள் இருந்தன. 2004இல் வெளியான முடிவு அது. வேண்டுமென்றே கலப்பதும் உண்டு. ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்து வெவ்வேறு பொருள்களை அரைத்து நிரப்புவதால் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. ப்ரீ-வொர்க்அவுட் பவுடர்களில் டி.எம்.ஏ.ஏ. என்ற ஊக்கி ‘ஜெரேனியம் சாறு’ என்ற அப்பாவிப் பெயரோடு வந்து பல நாட்டு வீரர்களைத் தடைக்கு உள்ளாக்கியது.

டப்பாவில் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவின் மாதிரியில் 2019இல் டெர்புடலின் கண்டறியப்பட்டது. இருமல் சிரப்புகளில் சாதாரணமாக இருக்கும் மருந்து அது. இருமலுக்குக் குடித்ததே காரணம் என்ற அவரது விளக்கம் ஏற்கப்பட்டும்கூட எட்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. நம் நாட்டின் நிலை கவலைக்குரியது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் சோதிக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 213 மாதிரிகளில் தடைசெய்யப்பட்ட பொருள்கள் இருந்தன. 5,000 மாதிரிகளுக்கு மேல் சோதித்த நாடுகளில் இதுவே மிக அதிக விகிதம். இதில் தெரிந்தே ஊசி போட்டவர்களும் இருப்பார்கள். ஆனால் எதை விழுங்குகிறோம் என்று கேட்கவே கற்றுக்கொடுக்கப்படாத கிராமத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

கட்டாயம் ஏதாவது பவுடர் எடுத்தாக வேண்டும் என்றால், வெளி ஆய்வகம் ஒன்று தொகுதி வாரியாகத் தடைப் பொருள்களுக்குச் சோதித்துச் சான்று தந்த பொருளை மட்டும் வாங்குங்கள். இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்.எஸ்.எஃப். ஸ்போர்ட் ஆகிய முத்திரைகள் அப்படிப்பட்டவை. முத்திரையைப் பார்த்ததோடு நிற்காமல், டப்பாவின் அடியில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண் அவர்களுடைய இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பில்லையும், டப்பாவில் கொஞ்சம் பவுடரையும் எடுத்து வையுங்கள். நாளை ஒரு சிக்கல் என்றால் சோதிக்கக் கொடுக்க அது ஒன்றுதான் கையில் இருக்கும். மாதிரி எடுக்கும்போது தரும் படிவத்தில், அண்மையில் சாப்பிட்ட மருந்து, பவுடர், லேகியம் எல்லாவற்றையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

இரும்புத்தட்டு

ஆசிரியர் சொன்னது முழுவதும் உண்மை. ப்ரீ-வொர்க்அவுட்டை என் ஜிம்மில் விற்பதில்லை. போட்டிக்குப் போகும் பையன்களிடம் காப்பியே போதும் என்று சொல்கிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். லேபிளில் 24 கிராம் என்று போட்டிருக்கிறது. உள்ளே அவ்வளவு இருக்கிறது என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? காலி டப்பாவை விலை கொடுத்து வாங்கி மறுபடி நிரப்பி விற்கிறவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்படுகிறோம்.

ஆய்வகமேசை

மருத்துவ ஆய்வகத்தில் உயிர்வேதியியல் பிரிவில் இருக்கிறேன். கண்ணால் பார்த்தோ நாவில் வைத்தோ தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் நேர்மையான பதில். புரதத்தின் அளவை வழக்கமான முறையில் நேரடியாக அளப்பதில்லை. பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். இங்கேதான் ஏமாற்று நுழைகிறது. கிளைசின், டாரின் போன்ற மலிவான பொருள்களிலும் நைட்ரஜன் இருப்பதால், வே புரதத்தைக் குறைத்து இவற்றைச் சேர்த்தாலும் சோதனையில் எண் சரியாகவே வரும். பொருள்களின் பட்டியலில் இந்தப் பெயர்கள் தனியாக இருந்தால் கவனமாக இருங்கள். ஒவ்வொரு அமினோ அமிலத்தின் அளவையும் தனித்தனியாக வெளியிடும் நிறுவனங்கள் ஓரளவு மேல்.

இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரத டப்பாக்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது. ஏறத்தாழ 70 விழுக்காட்டு டப்பாக்களில் லேபிளில் சொன்ன புரத அளவும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சுமார் 14 விழுக்காட்டில் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சின் இருந்தது. மூலிகைச் சாறுகள் கலந்த டப்பாக்களைப் பற்றி அந்த ஆய்வாளர்கள் தனியாக எச்சரித்திருக்கிறார்கள். லேபிளில் இருக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் 14 இலக்கம் கொண்டது, இணையத்தில் சரிபார்க்கலாம். ஆனால் அது தயாரிப்பாளருக்கு உரிமம் இருப்பதைத்தான் காட்டும், இந்த டப்பாவைச் சோதித்தார்கள் என்று பொருளில்லை. தேவையற்ற எதையும் சேர்க்காத, சுவையூட்டாத பொருளை வாங்குவது என் விருப்பம். பட்டியல் எவ்வளவு சிறியதோ, அவ்வளவு குறைவாகத்தான் மறைக்க முடியும்.

வைகைக்கரை

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 11.4, ஃபெரிட்டின் 11, வைட்டமின் டி 14. அவள் அம்மாவிடம் கேட்கச் சொன்னேன். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லையாம், பயிற்சி நின்றுவிடுமோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். மகளிர் மருத்துவரையும் பார்த்துவிட்டோம். இரும்பு மாத்திரையும், வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டும் எழுதியிருக்கிறார்கள். இவற்றை எப்படிச் சாப்பிட்டால் உடம்பில் சேரும்? கொலாஜன் பற்றிப் பயிற்சியாளர் இன்னும் வற்புறுத்துகிறார். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

அடுப்படிக்கணக்கு

அந்தப் பிள்ளை பயந்து மறைத்ததைப் படித்ததும் மனம் கனத்துப் போனது. இப்போது தெரிந்ததே நல்லது. நன்றாகச் சாப்பிட்டால்தான் மறுபடி ஓட முடியும் என்பதை அவளிடம் பயிற்சியாளர் வாயாலேயே சொல்ல வையுங்கள். வீட்டில் நாம் நூறு முறை சொல்வதைவிட அவர் ஒரு முறை சொல்வது அந்த வயதில் காதில் ஏறும்.

முதலில் அந்த 60,000 யூனிட் பாக்கெட். அது பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். தினமும் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டு, வாந்தியும் மயக்கமுமாக, ரத்தத்தில் கால்சியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. சீட்டில் எழுதியிருப்பதை மருந்தாளுநரிடம் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டு, காலண்டரில் கிழமையைக் குறித்து வையுங்கள். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் சாப்பாட்டுக்குப் பின் பாலில் கலந்து குடிக்கலாம்.

இரும்பு மாத்திரையைத் தேநீரோடும் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா இவற்றோடு எடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும். உடற்பயிற்சி முடிந்து 3 முதல் 6 மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து குடலில் இரும்பு நுழைவதைத் தடுக்கிறது. ஆகையால் ஓடத் தொடங்கிய பிறகு, காலைப் பயிற்சி முடிந்த உடனேயோ அதற்கு முன்போ எடுத்துக்கொள்வது நல்லது. நண்பகலில் எடுத்தால் குறைவாகவே உறிஞ்சப்படும். வயிறு புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; இரும்புச்சத்து குறைந்த பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில் அப்படி எடுத்தபோது உறிஞ்சப்படும் விகிதம் கூடுதலாகவே இருந்தது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். இந்த இழையைப் படிக்கும் மற்றவர்கள், களைப்பாக இருக்கிறது என்று சோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். மிகுந்துபோன இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது.

கால்சியத்துக்குக் கேழ்வரகு நம்மிடம் உள்ள நல்ல பொருள். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். காலையில் மைதானத்துக்குப் போகும் முன் கேழ்வரகுக் கஞ்சி ஒரு தம்ளர், வெல்லமும் பாலும் சேர்த்து. இதில் பால் இருப்பதால் இரும்பு மாத்திரையைப் பயிற்சி முடிந்ததும் எடுக்கட்டும். வெறும் வயிற்றில் ஓடும் பழக்கம் இனி வேண்டாம். எள்ளுருண்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

எலும்பும்தசையும்

கொலாஜன் பற்றி. இந்தப் பேச்சுக்கெல்லாம் மூலமாக இருக்கும் ஆய்வு 2017இல் வந்தது. எட்டு ஆரோக்கியமான ஆண்களுக்கு 48 மில்லிகிராம் வைட்டமின் சியோடு 15 கிராம் ஜெலட்டினைக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து ஆறு நிமிடம் கயிறு தாண்ட வைத்தார்கள். ரத்தத்தில் கொலாஜன் உற்பத்தியைக் காட்டும் ஒரு குறியீடு ஏறத்தாழ இரு மடங்கானது. சுவையான முடிவுதான். ஆனால் எட்டுப் பேர், காயம் இல்லாதவர்கள், ரத்தக் குறியீடு. காயம் சீக்கிரம் ஆறியது என்று அது சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே தசைநாண் வலியால் அவதிப்படும் கைப்பந்து வீரர்களுக்கு, அவர்கள் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்றால், பயிற்சிக்கு முன் முயன்று பார்க்கலாம் என்று நானும் சொல்வதுண்டு. அதையும், தசைநாணுக்குப் படிப்படியாகப் பளு ஏற்றும் பயிற்சியைச் செய்தால்தான். பளு இல்லாமல் தூள் மட்டும் குடித்துத் தேறியவரை நான் பார்த்ததில்லை.

உங்கள் மகளின் காயம் எலும்பில். அதற்குக் கொலாஜன் உதவும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை. அது மாட்டின் அல்லது மீனின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குளுக்கோசமைனும் வேண்டாம். அது முதியவர்களின் மூட்டுத் தேய்மானத்துக்கு விற்கப்படுவது. முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேரிடம் நடத்தி 2006இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்விலேயே, ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், அது வெற்று மாத்திரையை விஞ்சவில்லை.

சேலம்_நெடுந்தூரம்

இடையே நுழைவதற்கு மன்னிக்கவும். அரை மராத்தான் ஓடுகிறவன். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் தொடை வலியால் மாடிப்படி இறங்க முடிவதில்லை. வைட்டமின் சியும் ஈயும் அதிக அளவில் எடுத்தால் வலி குறையும் என்று குழுவில் சொல்கிறார்கள். பீட்ரூட் சாறு பற்றியும் கேள்விப்படுகிறேன்.

அடுப்படிக்கணக்கு

அதிக அளவு மாத்திரைகளை விட்டுவிடுங்கள். பயிற்சியில் உண்டாகும் ஆக்சிஜன் தனியுறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்கள்)தாம் தசைக்கு ‘இன்னும் வலுப்பெறு’ என்று ஆணையிடுகின்றன. 2009இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் தினம் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் எடுத்தவர்களுக்கு, நான்கு வாரப் பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டில் வர வேண்டிய முன்னேற்றமே வராமல் போனது. பழத்திலிருந்து வரும் அளவு அப்படித் தடுப்பதில்லை. மஞ்சள் சாற்று மாத்திரைகள் தசை வலியை ஓரளவு குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டிய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். சமையல் மஞ்சளைப் பற்றி இந்த அச்சம் தேவையில்லை.

பீட்ரூட்டில் உண்மை இருக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் 2018ஆம் ஆண்டு ஒருமித்த அறிக்கை, ஆட்டத் திறனை நேரடியாகக் கூட்டுவதற்கு நல்ல சான்று உண்டு என்று ஏற்றவை ஐந்தே ஐந்து: கஃபீன், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா-அலனின், சோடியம் பைகார்பனேட். பீட்ரூட் தருவது நைட்ரேட். போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன் குடிக்க வேண்டும். நைட்ரேட்டை மாற்றிக் கொடுப்பவை நாவில் வாழும் பாக்டீரியாக்கள். அன்று காலை கிருமிநாசினி மவுத்வாஷால் வாய் கொப்பளித்தால் குடித்தது வீணாகிவிடும். எதையும் முதன்முதலாகப் போட்டி நாளில் முயலாதீர்கள். பைகார்பனேட் குடித்து வயிற்றுப்போக்கோடு தொடக்கக் கோட்டில் நின்றவர்கள் உண்டு.

சேலத்து வெயிலில் ஓடும் உங்களுக்கு இவை எல்லாவற்றையும்விட உப்புதான் முக்கியம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், ஆனால் நாம் வியர்வையில் இழக்கும் சோடியம் அதில் குறைவு. ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தாகம் இல்லாமல் தண்ணீரை மொண்டு மொண்டு குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் ரத்த மாதிரி கொடுத்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியதே முக்கியக் காரணம்.

இரும்புத்தட்டு

கிரியேட்டின் பற்றிக் கடைசியாக ஒரு கேள்வி. என் ஜிம்முக்கு வரும் ஒருவருக்கு நிறுவன மருத்துவப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.4 என்று வந்து, சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று வீடே அழுதிருக்கிறது. அந்த 17 வயதுப் பிள்ளை எடுக்கலாமா என்பதையும் தெளிவுபடுத்துங்கள்.

ஆய்வகமேசை

அண்ணன், தசையில் உள்ள கிரியேட்டின் சிதைந்து வரும் கழிவுதான் கிரியாட்டினின். வெளியிலிருந்து கிரியேட்டின் எடுப்பவருக்கும், தசை மிகுந்தவருக்கும் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இந்த எண் சற்று உயர்ந்து நிற்கும். அதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. சிஸ்டாட்டின்-சி என்ற சோதனை தசையின் அளவைப் பெரிதாகச் சார்ந்திருப்பதில்லை, அதையும் சிறுநீரில் அல்புமினையும் பார்த்தால் உண்மை தெரியும். ஆரோக்கியமானவர்கள் பரிந்துரைத்த அளவில் எடுத்ததால் சிறுநீரகம் கெட்டதாக நீண்டகால ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் ஏற்கெனவே சிறுநீரக நோயோ, சர்க்கரையோ, ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. உங்கள் நண்பருக்கு எண் உயர்ந்ததற்குக் கிரியேட்டின்தான் காரணம் என்று நீங்களாக முடிவு கட்டிவிடாமல், இந்த இரண்டு சோதனைகளையும் எடுக்கச் சொல்லுங்கள்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு. ஃபெரிட்டின் 11இல் நிற்கும் பிள்ளைக்கு இப்போது கிரியேட்டினால் ஆகப் போவது ஒன்றும் இல்லை. இரும்பும் வைட்டமின் டியும் ஏறி, மாதவிடாய் திரும்பி, மருத்துவர் ஓட அனுமதித்த பிறகு, வயதும் நிறைந்தால், அன்றைக்கு யோசிக்கலாம்.

இரும்புத்தட்டு

நன்றி. கிரியேட்டின் எடுப்பவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் அதை ஆய்வகப் படிவத்தில் எழுத வேண்டும், மருத்துவரிடமும் சொல்ல வேண்டும் என்று ஜிம் சுவரில் இன்றே எழுதி ஒட்டுகிறேன். நண்பரை நாளைக் காலை சிஸ்டாட்டின்-சி எடுக்க அழைத்துப் போகிறேன். முடிவு வந்ததும் இங்கே பதிகிறேன்.